வாசற்படி வரைக்கும் மூச்சு

கருப்பணன் ஓட்டும் ஆம்புலன்சில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி மதிலோரம் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது அவரே இதைப் பெருமையாகச் சொல்லுவார். மதுரையில் டாக்டர்கள் கைவிரித்துவிட்ட ஆட்களை வருசக்கணக்காக ஊர்களுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர். எல்லாரும் வீட்டுக்குப் போய்த்தான் செத்தார்கள். சிலருக்கு வாடிப்பட்டி தாண்டும்போதே கைகால் சில்லிட்டிருக்கும். அவர்களும் வீட்டுக்குப் போய்த்தான் செத்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் வெளியூரில் உயிர் போனவனை ஊருக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். எல்லையில் நாலு கம்பு நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழே கிடத்தி, வந்தவர்கள் அழுது முடித்ததும் அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். அவனே கல் சுமந்து கட்டிய வீடாக இருந்தாலும் அவனுக்கு உள்ளே இடம் கிடையாது. மூச்சோடு எல்லையைத் தாண்டிவிட்டால் நடுவீட்டில் கிடத்தலாம், வாசலில் குளிப்பாட்டலாம், கொட்டு வைக்கலாம். அதனால் வண்டியின் பின்னால் இருக்கிற ஆள், முகத்து மாஸ்க்கோடு சேர்ந்த காற்றுப்பையை வீடு வரைக்கும் அமுக்கிக்கொண்டே வருவான். அமுக்கினால் நெஞ்சு ஏறும். விட்டால் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

அந்தப் பையை அமுக்குகிற வேலை ஜெரோமுக்கு. நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு, வேறு இடம் கிடைக்காமல் வண்டியில் ஏறியவன். முதல் தடவை, ஆள் போய்விட்டது தெரிந்ததும் கையை எடுத்துவிட்டான். கருப்பணன் கண்ணாடி வழியாக முறைத்த முறைப்பில் மறுபடி அமுக்க ஆரம்பித்தான். இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அவர் சொன்னார்:

"ஏலே, ஓட்டல்காரன் நேத்து வச்ச சால்னாவ இன்னைக்கு வச்சதும்பான். ஜவுளிக்கடைக்காரன் சாயம் போகவே போகாதும்பான். அதெல்லாம் பொய்யி. நம்ம செய்யிறது ஒத்தாசை."

"செத்தவனுக்கு என்னண்ணே ஒத்தாசை?"

"செத்தவனுக்கு எவன்டா செய்யிறான்? அவன் பொண்டாட்டிக்குச் செய்யிறோம். மழைல தார்ப்பாய்க்குக் கீழ புருசனப் போட்டுட்டு ஒக்காந்திருந்தவ எவளையாச்சும் கேட்டுப் பாரு. நம்ம வண்டிய மறிச்சுக் கும்புடுவா."

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. ஆள் போய்விட்டால் ஜெரோம் முன்பக்கக் கண்ணாடியை விரலால் தட்டுவான். கருப்பணன் சைரனைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரரிடம், "வீட்டுக்குப் போனப் போட்டுப் பாலக் காய்ச்சி வைக்கச் சொல்லுங்க" என்பார். சாகக் கிடக்கிறவன் வாயில் பெண்டாட்டியும் பிள்ளைகளும் பால் ஊற்றுவது முறை. ஊற்றியதும் ஜெரோம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துத் தலையை அசைப்பான். நிறைவாகப் போய்ச் சேர்ந்தார் என்பார்கள்.

சோலைமுத்துவையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள்.

சோலைமுத்துவுக்குச் செம்பட்டிக்கு மேற்கே ஊர். கொஞ்சம் மல்லிகைத் தோட்டம், இரண்டு கறவை மாடு. மல்லிகைக்கு விடிகிறதுக்குள் மொட்டு எடுத்தாக வேண்டும். வெயில் பட்டு வாய் திறந்துவிட்டால் பூவை யாரும் சீந்த மாட்டார்கள். அவரும் பெண்டாட்டி ஒச்சம்மாளும் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு சாலில் குனிந்தால், பொழுது கிளம்பும்போதுதான் நிமிர்வார்கள். மடியில் சேர்ந்ததைச் சாக்கில் கொட்டி, ஈரத் துணியைப் போட்டு மூடி, மொபட்டில் வைத்து நிலக்கோட்டைச் சந்தைக்கு ஓட்டுவார். ஆடி மாதம் ஒரு விடியலில், பக்கத்துச் சாலில் அவருடைய லைட் வெளிச்சம் தரையோடு கிடந்தது. சிந்திய மொட்டைப் பொறுக்குகிறார் என்று நினைத்து ஒச்சம்மாள் தன் சாலை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

மதுரையில் வைத்திருந்த நாட்களில் ஒச்சம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். ஊரில் மொட்டு பூத்துக் கருகியது. மாடு வேறு ஆள் கைக்குப் பால் விடாமல் உதைத்தது. "நீ ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வா மதினி, நான் பாத்துக்கிறேன்" என்று சோலைமுத்துவின் தம்பி மணிமாறன் அனுப்பி வைத்தான். அவள் வந்த மறுநாள் டாக்டர், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மணிமாறன் பின்னால் ஏற மாட்டேன் என்றுவிட்டான். அண்ணன் கிடக்கிற கிடையைப் பார்க்க முடியவில்லை. முன்னால் கருப்பணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஆக, சோலைமுத்துவுக்குப் பக்கத்தில் இருந்தது ஜெரோம் மட்டும்தான். நிலக்கோட்டை தாண்டியதும் அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். கண் இமையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடியைத் தட்டினான். சைரன் அலறியது.

"பாலக் காய்ச்சி வைக்கச் சொல்லுங்க அப்பு. ஆளு தாங்கிருவாரு. வீடு வரைக்கும் தாங்கிருவாரு" என்றார் கருப்பணன்.

வாசலில் ஊரே நின்றது. மேல்காற்று கொடியில் கிடந்த துணியைக் கிழிக்கிற மாதிரி அடித்தது. நடுவீட்டுக் கட்டிலில் கிடத்தி, ஜெரோம் அமுக்கிக்கொண்டே மாஸ்க்கை ஒருபக்கமாகத் தூக்கினான். முதலில் சோலைமுத்துவின் அக்கா ஜக்கம்மாள் கரண்டியில் ஊற்றினாள். பிறகு மகள் பவித்ரா. ஒச்சம்மாள் கரண்டியை வாங்கவில்லை. அவர் எதையும் டம்ளர் நிறையக் குடிக்கிறவர். "ஏங்க, கறந்த பாலு. ஏங் கையாலதான் கறந்தேன். குடிங்க" என்று டம்ளரையே உதட்டில் வைத்துச் சரித்தாள். கடைவாயில் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஜெரோம் கையை எடுத்தான். நெஞ்சு நின்றது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான், தலையை அசைத்தான்.

"பாவி, அடச்சுப்புட்டியேடி ஏந்தம்பிய" என்று ஜக்கம்மாள் அவள் முதுகில் அடித்தாள். சாவு வீட்டில் சொல்வதையெல்லாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒச்சம்மாள் வைத்துக்கொண்டாள்.

கருமாதி முடிந்தது. ஜக்கம்மாள் அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்து தங்கினாள். தாலியறுத்து ரொம்ப வருசம் ஆனவள். தம்பிதான் அவளுக்கு எல்லாம். துட்டி கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் உட்கார வைத்துச் சொன்னாள்: "எமன ஏமாத்திட்டு வீடு வந்து சேந்தான் ஏந்தம்பி. மதுரைல இருந்து மூச்சப் புடிச்சுக்கிட்டு வந்தான். அக்கா கையால ஒரு முழுங்கு, மக கையால ஒரு முழுங்கு. நல்லாத்தேன் எறங்குச்சு. இவதேன் ஒரேயடியாக் கவுத்தா. செத்த நேரம் பொறுத்து ஊத்திருந்தா ஒரு ராத்திரியாச்சும் கெடந்திருப்பான்."

பெருமையும் குற்றமும் ஒரே மூச்சில் வரும். கேட்கிறவர்கள் ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

முதலில் டீயை நிறுத்தினாள். பிறகு மாட்டின் மடியில் கை வைக்க மாட்டேன் என்றாள். பவித்ரா கல்லூரிக்குப் போவதை விட்டுவிட்டுப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றினாள். அப்புறம் சோறும் இறங்கவில்லை. ரசத்தைப் பிசைந்து வாயில் வைத்தால், தொண்டையில் யாரோ கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று துப்பிவிடுவாள். விடியலில் மொட்டு எடுக்க மட்டும் போனாள். இரண்டு சாலுக்கு மேல் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து எடுத்தாள். ஊசி போட வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் தாங்காது என்று பவித்ராவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பவித்ராவின் செல்லில் ஆம்புலன்ஸ்காரர் எண் இருந்தது. கூப்பிட்டாள். ஜெரோம்தான் எடுத்தான்.

"அண்ணே, அன்னைக்குச் செம்பட்டிப் பக்கம் ஒருத்தரக் கொண்டாந்தீங்களே, அவரு மக பேசுறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பால் ஊத்துனதாலயா எங்கப்பா செத்தாரு?"

"இல்லம்மா. அதெல்லாம் இல்ல."

"அத எங்கம்மாகிட்ட வந்து சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. அது சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுண்ணே. அதுவும் போயிரும்போல இருக்கு."

ஜெரோம் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். விசயத்தைக் கேட்ட கருப்பணன் வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"போ. போயி, பாலால இல்லன்டு மட்டும் சொல்லிட்டு வா."

"நம்பாட்டி?"

"இன்னொருக்காச் சொல்லு."

"எந்த எடத்துல போனாருன்டு சொல்லிட்டா சரியாப் போயிரும்ணே."

"அது யாருக்குச் சரியாப் போகும்? பாவமன்னிப்புக் கேக்கணும்னா சர்ச்சுக்குப் போ. செம்பட்டிக்கு ஏன் போற?" கருப்பணன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு வீட்டுல நீ வாயத் தொறந்தா, நாளைக்கு நம்ம எறக்கிவிட்ட அம்புட்டு வீட்டுலயும் கேப்பாக. எம்புருசன் எங்க செத்தான், எங்கம்மா எங்க செத்தான்டு. நீ சொல்லிருவியா? அந்த ஊர்க்காரனுக என்ன செய்வானுக தெரியுமா? பொணத்த நடுவீட்டுல போட்ட வீடுன்டு ஒரு பய கை நனைக்க மாட்டான். அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வரமாட்டான். பொய்யின்டு பாத்தா சின்னப் பொய்யி. அத உருவுனா வீடு சரிஞ்சுரும்டா."

"ஒரு பொம்பள சாகக் கெடக்குண்ணே."

"எனக்கு மட்டும் சந்தோசமாவா இருக்கு?" என்று எழுந்துபோய் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜெரோம் பைக்கில் போனான். செம்பட்டி தாண்டியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ரோட்டோரத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலையை விரித்துப் போட்டிருந்தன. ஜக்கம்மாள் ரேசன் கடைக்குப் போயிருந்தாள். பவித்ரா அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஒச்சம்மாள் மல்லிகைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து களை கொத்திக்கொண்டிருந்தாள். கையெலும்பு தனியாகத் தெரிந்தது.

"ஒக்காரு தம்பி. வெயிலோட வந்திருக்க. தண்ணி குடுத்தியா பவித்ரா?"

"குடிச்சேம்மா." அவன் வரப்பில் உட்கார்ந்தான். "அம்மா, நான் இதுக்குப் படிச்சவன். பாலால இல்லம்மா. மூளைல ரத்தம் கசிஞ்சது. பால் ஊத்துனாலும் ஊத்தாட்டியும் அதேதான்."

"பவித்ராவும் இதத்தேன் சொல்லுது. ஊசி போட வந்த நர்சும் சொல்லுச்சு. ஏங் கொழுந்தனும் சொல்லிட்டாரு. எல்லாரும் நல்லவுக." அவள் கொத்துவதை நிறுத்தவில்லை. "நான் கண்ணால பாத்தேன் தம்பி. நெஞ்சு ஏறி எறங்குச்சு. நான் ஊத்துனேன். நின்னுபோச்சு. அத யாரு எப்பிடி மாத்துவீக?"

"நின்னது நான் கைய எடுத்ததால."

களைக்கொத்தி நின்றது.

"நான் பைய அமுக்குறதாலதான் நெஞ்சு ஏறுச்சும்மா. அவரா மூச்சு விடல. நிலக்கோட்டை தாண்டினதுமே போயிட்டாரு. நீங்க ஊத்துறப்போ அவரு இல்ல."

பவித்ரா அம்மாவைப் பார்த்தாள். ஒச்சம்மாள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று செடிகளைக் கவிழ்த்துப் போட்டு நிமிர்த்தியது. அவள் கேட்டது ஜெரோம் எதிர்பார்க்காத கேள்வி.

"நிலக்கோட்டைல எந்த எடம்?"

"ஊரு முடிஞ்சு, செம்பட்டிக்குத் திரும்புற எடம்."

"அங்க ஒரு வடைக்கடை இருக்கும். பூவப் போட்டுட்டு வரயில அங்க நின்னு திம்பாரு. கேட்டா இல்லவே இல்லம்பாரு. சட்டைப்பையெல்லாம் எண்ணெயா இருக்கும்." அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. "தெரிஞ்ச எடந்தேன்."

பிறகு கேட்டாள்: "பேசுனாரா?"

"இல்லம்மா. மதுரைல ஏத்தும்போதே நெனவு இல்ல."

"வலிச்சிருக்குமா?"

"இல்ல" என்றான். அது அவனுக்குத் தெரியாது.

"கையப் புடிச்சிருந்தியா தம்பி?"

"ரெண்டு கையும் பையில இருந்துச்சும்மா."

ஒச்சம்மாள் அப்போதுதான் களைக்கொத்தியைக் கீழே போட்டாள். "அப்ப நான் யாரு வாயிலடா ஊத்துனேன்? பொணத்து வாயிலயா? கொன்னுட்டேன், கொன்னுட்டேன்டு ஒருபக்கம் அறுத்தாலும், ஏங் கையால கடைசியா ஒரு வாய் குடிச்சாருன்டு இன்னொரு பக்கம் இருந்துச்சு. அதப் புடிச்சுக்கிட்டுத்தேன் கெடந்தேன். ரெண்டையும் சேத்து எடுத்துட்டியே." அழுகை வந்தது. பவித்ரா போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜெரோம் எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைக்கும்போது, தலையில் அரிசிப் பையோடு ஜக்கம்மாள் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். யாரோ வந்திருப்பதாகத் தெருவில் சொல்லியிருக்கிறார்கள். கிட்ட வந்ததும் ஜெரோமை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அடியே, இது அந்த ஆம்புலன்சுத் தம்பியில்ல. ஏந்தம்பி உசுர வீடு வரைக்கும் கொண்டாந்து சேத்த மகராசன்." பையை இறக்கி வைத்துவிட்டு அவன் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். "நல்ல நேரத்துல வந்தப்பா. நீயே சொல்லு. ஊருக்குள்ள ஒரு சிறுக்கி, செத்த பொணத்தத்தேன் வண்டில கொண்டாந்தாகன்டு கிணத்தடில பேசிட்டுத் திரியிறா. வாசல்ல எறக்கயில ஏந்தம்பிக்கு மூச்சு இருந்துச்சா, இல்லையா?"

சைரனுக்குக் கீழே, கூட்டத்துக்கு நடுவே, இந்தப் பொய்யை ஜெரோம் கையால்தான் சொல்லியிருக்கிறான். வாயால் சொன்னதில்லை. கிழவியின் கண் அவன் முகத்திலேயே நின்றது. அது சந்தேகக் கண் இல்லை. இருந்தது என்கிற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் மிச்ச நாளை ஓட்டிவிடுவாள் என்று தெரிந்தது.

"அத்தே, அது வந்து..." என்று பவித்ரா ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அம்மாவின் மேல் கிடந்த பழியைத் தூக்கி எறிய அவளுக்குக் கை பரபரத்தது. ஒச்சம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இருந்துச்சுக்கா" என்றாள். "இப்பத்தேன் தம்பியும் சொல்லுச்சு. நல்லா இருந்துச்சாம். நான்தேன் கூட ஊத்திப்புட்டேன்."

"அதத்தானடி நானும் அன்னையில இருந்தே சொல்றேன்." ஜக்கம்மாள் மாரில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். "வீடு வந்து சேந்துட்டான்ல. அது போதும் எனக்கு. பொறந்த வீட்டுல வந்து போனான்." சொல்லிக்கொண்டே அழுதாள்.

பவித்ரா கையை உதறிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

ஜெரோம் பைக்கை எடுக்கும்போது ஒச்சம்மாள் கூடவே நடந்து வந்தாள். நடக்கும்போது செடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஏம்மா அப்பிடிச் சொன்னீங்க? காலத்துக்கும் ஒங்களச் சொல்லுவாங்களே" என்றான்.

"சொல்லட்டும். எனக்குத் தெரியும்ல." அவள் பைக்கின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "அந்தக் கெழவி கிட்ட வேற என்ன இருக்கு? ஏம் பிள்ளை நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகணும். நான் சுமந்துக்கிறேன். சொமை இப்பக் கொஞ்சம் லேசாத்தேன் இருக்கு."

அவன் சாவியைப் போடாமல் நின்றான்.

"இனிமே நான் அந்த வேலைய..."

"வேலைய விட்டா வேற ஒருத்தன் வந்து அமுக்குவான். விடாத. ஊரு இப்பிடி இருக்குற வரைக்கும் நீ அமுக்கித்தேன் ஆகணும். ஆனா ஒண்ணு செய்யி அப்பு. வாசப்படியத் தாண்டி உள்ள வச்சதுமே முடிஞ்சுபோச்சுன்டு சொல்லிரு. யாரையும் பால் ஊத்த விட்டுட்டுச் சொல்லாத. பொய்யி ஒங்களோட இருக்கட்டும். அதுல வீட்டுக்காரி கையச் சேக்காதீக."

அவன் தலையை ஆட்டினான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பி மண் ரோட்டில் திரும்பும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் போன யாரையோ நிறுத்தி ஜக்கம்மாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. வண்டிக்காரத் தம்பியே வந்து சொல்லிவிட்டுப் போகிறான், மூச்சு இருந்ததாம், இவள்தான் அவசரப்பட்டுவிட்டாளாம். அதற்குப் பின்னால், காற்றில் பாதி அடிபட்டு, "ஆமாக்கா" என்று ஒச்சம்மாளின் குரல் வந்தது.